வேகமாகச் சுற்றும் பம்ப் ஷாஃப்டுக்கு எது சரி: பால் பேரிங்கா, ஸ்லீவா, டில்டிங் பேடா?

ஜூரோங் தீவிலும் துவாஸிலும் பம்ப் பராமரிப்பு வேலை பார்க்கும் நம்மவர்களிடையே இந்த வாதம் ஓய்வதே இல்லை. ஷாஃப்ட் ஆடினால் இன்னும் கெட்டியான பேரிங் போட வேண்டும் என்பார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகம் கூடக் கூட, ஷாஃப்டை இறுகப் பிடிப்பது மட்டும் போதாது, அதன் அதிர்வை உறிஞ்சவும் ஒன்று வேண்டும். மூன்று பேரிங்குகளும் பிரிவது அங்கேதான்.

சிங்கப்பூரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், இரண்டு போல் மோட்டாரோடு நேரடியாக இணைந்த பம்ப் சுமார் 2,980 ஆர்.பி.எம்.மில் ஓடும். அந்த வேகத்தில் சாதாரண அளவுப் பம்புகளுக்கு ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங் (பக்கவாட்டுப் பளுவோடு ஷாஃப்டின் நீளவாக்குப் பளுவையும் தாங்கும் வகை) ஜோடி தாராளம். விலை குறைவு, தனி ஆயில் பம்ப் தேவையில்லை, ஒரே ஷிப்டில் மாற்றிவிடலாம். பெரும்பாலும் கெடுவதற்கு முன்பே வைப்ரேஷன் ரீடிங்கில் தகவலும் சொல்லிவிடும்.

கியர்பாக்ஸோ ஸ்டீம் டர்பைனோ வைத்து 5,000, 6,000 என்று போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஏ.பி.ஐ. 610 என்ற எண்ணெய்த் துறைப் பம்ப் தரநிலையில் இதற்கு இரண்டு எல்லைக் கோடுகள் இருக்கின்றன. பால் பேரிங்கின் சராசரி விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் 500,000-ஐத் தாண்டக் கூடாது. உள்விட்டம் 65, வெளிவிட்டம் 140 உள்ள 7313 பேரிங்கின் சராசரி 102.5. அது 2,980-ல் சுமார் 305,000 வரும், கவலையில்லை. 6,000-ல் 615,000 ஆகிவிடும், கதை முடிந்தது. இரண்டாவது கோடு, கிலோவாட்டையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கினால் வரும் எண். அது 4 மில்லியனைத் தொட்டால் ஆயில் படலத்தில் ஓடும் பேரிங்தான் போட வேண்டும். 800 கிலோவாட் பம்ப் 5,000-ல் ஓடினாலே அங்கே வந்துவிடும்.

பால் பேரிங்கின் பெரிய குறை, அதற்கு அதிர்வை உறிஞ்சும் குணம் அநேகமாக இல்லை என்பது. ஷாஃப்டின் கிரிட்டிகல் வேகத்துக்கு, அதாவது அதன் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகும் வேகத்துக்கு, பக்கத்தில் ஓட நேர்ந்தால் ஆட்டம் அடங்காது. அப்புறம், இன்வெர்ட்டரில் (மின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடும் மோட்டார் என்றால் ஷாஃப்ட் வழியே மின்சாரம் கசிந்து பேரிங்கைச் சுடும். கழற்றிப் பார்த்தால் ரேஸில், அதாவது பந்துகள் உருளும் வளையத்தில், சாம்பல் நிறக் கோடுகள், துணி துவைக்கும் பலகை மாதிரி, சம இடைவெளியில் வரிவரியாக இருக்கும். அப்படிப்பட்ட மோட்டாருக்கு இன்சுலேட்டட் பேரிங்கோ செராமிக் பந்துகளோ கேட்டு வாங்குவது நல்லது.

ஸ்லீவ் பேரிங்கில் ஷாஃப்ட் உலோகத்தைத் தொடாமல் ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. அதிர்வை உறிஞ்சுவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அந்த ஆயிலே வில்லனாகவும் மாறும். சுற்றும் ஷாஃப்ட் ஆயிலையும் கூடவே இழுத்துப் போகிறது. படலத்தின் சராசரி வேகம் ஷாஃப்டின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பேரிங்மேல் பளு போதாமல் இருந்தால், இந்த ஓட்டமே ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளி வட்டமடிக்க வைக்கும். இதைத்தான் ஆயில் வர்ல் என்கிறோம். 5,400 ஆர்.பி.எம். பம்பின் வைப்ரேஷன் வரைபடத்தில், சுழலும் வேகமான 90 ஹெர்ட்ஸில் வர வேண்டிய உச்சத்தோடு 40 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னோர் உச்சமும் எழுந்து நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வேகம் முதல் கிரிட்டிகலைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆட்டம் கிரிட்டிகல் அதிர்வெண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், வேகத்தைக் கூட்டினாலும் நகராது. ஆயிலைச் சற்றுச் சூடாக்கி மெலிதாக்குவது தற்காலிகமாகக் கைகொடுக்கலாம், தீர்வாகாது.

தீர்வு டில்டிங் பேட். நான்கைந்து தனித்தனிப் பேடுகள் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தன் பிவட்டில் தானே சாய்ந்துகொள்ளும். அதனால் பக்கவாட்டில் தள்ளும் விசை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. முதலில் இந்த யோசனை, ஷாஃப்டின் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குத்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் மிச்செல் 1905-லும், அமெரிக்காவில் கிங்ஸ்பரி 1910-லும் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். நீளமான ஷாஃப்டில் 5,000-க்கு மேல் ஓடும் மல்டிஸ்டேஜ் பம்ப் (ஒரே ஷாஃப்டில் பல இம்பெல்லர்கள் உள்ளது) என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். விலை அதிகம், ஆயிலை அழுத்தத்தோடு அனுப்பும் தனி ஆயில் கன்சோல் வேண்டும், பொருத்தவும் பொறுமை வேண்டும். கிளியரன்ஸ் பார்க்க டயல் கேஜ் வைத்து ஷாஃப்டைத் தூக்கும்போது, பேடுக்கு நேராகத் தூக்கினால் ஓர் எண், இரண்டு பேடுகளுக்கு நடுவில் தூக்கினால் வேறோர் எண் காட்டும். தயாரிப்பாளர் தரும் திருத்தக் கணக்கைப் போடாமல் அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

காந்தப் பேரிங் பற்றியும் கேட்கிறார்கள். தொடுகையும் இல்லை, ஆயிலும் இல்லை, கன்ட்ரோலரிலேயே பிடிமானத்தை மாற்றலாம். ஆனால் அதே பளுவைத் தாங்க இடம் அதிகம் பிடிக்கும், பவர் போனால் விழும் ஷாஃப்டைத் தாங்கத் தனிப் பால் பேரிங்கும் வேண்டும். கம்ப்ரெஸரில் அதற்கு மரியாதை உண்டு. நம் பம்புகளுக்கு நான் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் இந்த ஊர் ஈரப்பதத்தை மறக்க வேண்டாம். பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே ஈரக் காற்று ஹவுசிங்குக்குள் போய் ஆயிலில் தண்ணீர் சேரும். அதில் முதலில் அடிபடுவது பால் பேரிங்தான்.

"அண்ணே, பேரிங் புதுசு, அலைன்மென்டும் பார்த்தாச்சு, அப்படியும் வைப்ரேஷன் இறங்கல" என்று தம்பிகள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது வேர் ரிங் கிளியரன்ஸைத்தான், அதாவது சுற்றும் இம்பெல்லருக்கும் நிலையான உறைக்கும் நடுவே தேய்வதற்கென வைத்த வளையத்தின் இடைவெளியைத்தான். அந்தக் குறுகிய இடைவெளியில் தண்ணீரின் அழுத்தம் இறங்கும்போது அது ஷாஃப்டை நடுவில் பிடித்துக்கொள்கிறது. லோமாகின் விளைவு என்பது இதுதான். ரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் அந்தப் பிடி தளர்கிறது, கிரிட்டிகல் வேகமும் கீழே இறங்கி ஓடும் வேகத்தை நெருங்குகிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் இது தெரியவே தெரியாது. அடுத்த ஓவர்ஹாலுக்குப் பம்பை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு ஸ்டேஜின் வேர் ரிங் அளவையும், கழற்றியபோது இருந்ததும் மாட்டிய பிறகு இருப்பதும் தனித்தனியாக, ரிப்போர்ட்டில் கேட்டு வாங்குங்கள்.