தூரத்தில் கெட்டி, நேரத்தில் கோட்டை

இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் நடுவில் உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையதளம் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இலவசம்தான், விளம்பரத் தொல்லையும் குறைவு.

முதல் நாளே வேடிக்கை. நியூயார்க்கிலிருந்து லண்டன் என்று போட்டேன். 700 கிலோமீட்டர்கூட இல்லை என்றது. அட்லாண்டிக் வற்றிவிட்டதா என்று பார்த்தால், அது கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் இன்னொரு லண்டனை எடுத்துக்கொண்டிருக்கிறது! நாட்டின் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் வெளிறிய சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அன்றிலிருந்து ஊர்ப் பெயரை விட்டுவிட்டு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையே அடிக்கிறேன்: நியூயார்க்குக்கு ஜே.எஃப்.கே., லண்டனுக்கு எல்.எச்.ஆர்.

குறியீட்டைப் போட்டால் தூரத்தில் பிசகு இல்லை. 5,540 கி.மீ., அதாவது 2,991 கடல் மைல். வரைபடத்தில் கோடு மட்டும் ஏன் வடக்கே வளைகிறது என்று சந்தேகம் வந்தது. மகளின் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். நூலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கமாகத்தான் ஏறிப் போனது. தட்டைப் படத்தில் சுற்றுவழியாகத் தெரிவதுதான் உருண்டையில் குறுக்குவழி.

நேரத்தில்தான் தகராறு. '7 மணி 1 நிமிடம்' என்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தூரத்தை மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் போக, வர ஒரே நேரம். நிஜத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று லண்டன் போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். வழக்கமான நாளிலேயே ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயத்தில், ஒரு பயணிகள் விமானம் இதே வழியில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்விட்டது.

அடைபட்ட வான்வெளியும் இதற்குத் தெரியாது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ 7,800 சொச்சம் கி.மீ., பத்து மணிக்குள் போய்விடலாம் என்கிறது. 2022-இல் ரஷ்யா வழி மூடிய பிறகு அந்தப் பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது.

என் காலை வாரியது வேறு. மார்ச் நடுவில் தம்பியைப் பார்க்க லண்டன் போனேன். இரவு 8-க்குக் கிளம்பினால் காலை 8-க்கு இறங்கலாம், நேர வித்தியாசம் 5 மணி என்றது தளம். அதையே தம்பிக்கும் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னால் நகர்த்திவிடுகிறார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறுதான். நடுவில் உள்ள நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். டிக்கெட்டில் 7 என்று சரியாகவே போட்டிருந்தது, பார்க்காதது என் சோம்பல். 7-க்கு இறங்கி, பெட்டியை எடுத்து, வாசலில் தேவுடு காத்தேன். தம்பி ஆற அமர வந்து, "என்னக்கா, சீக்கிரம் வந்துட்டியா?" என்றான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்று காற்றுக்காக, இன்னொன்று தம்பிக்காகக் கழித்தது.