துறைமுகம் வரை என்றார்கள், எந்தத் துறைமுகம் என்று நான் கேட்கவில்லை

வேறு நாட்டில் குடியேறப் போகிறவர்கள், அதுவும் பெரிய கப்பல்கள் நேராக வராத சின்னத் துறைமுகத்துக்கு வீட்டுச் சாமான் அனுப்பப் போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சாமான் ஆறு வாரத்தில் வரும் என்றார்கள். பதினேழு வாரம் ஆனது. பேசிய தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டித்தான் மீட்டோம்.

மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு, இருப்பதிலேயே குறைவாகச் சொன்னதைப் பிடித்தோம். வந்த ஆள் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைத் திறக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் குனியவில்லை. ஒன்பது கன மீட்டர் என்று எழுதினார். இருபதடி கன்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கும், உங்களுக்கு முழுசாக வேண்டாம், பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றலாம் என்றார். அந்த யோசனை சரிதான், தப்பு அங்கே இல்லை.

கொட்டேஷனில் 'வீட்டிலிருந்து துறைமுகம் வரை' என்று இருந்தது. நாங்கள் போய்ச் சேரும் ஊரின் பெயரை மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். "உங்க ஊருக்கே வந்துடும், கவலைப்படாதீங்க" என்று போனில் சொன்னார். எழுத்தில் அந்த ஊர் எங்குமே இல்லை.

பெரிய கன்டெய்னர் கப்பல்கள் ஒரு சில பெரிய துறைமுகங்களுக்குத்தான் போகும். அங்கிருந்து சின்னத் துறைமுகங்களுக்கு ஃபீடர் எனும் சின்னக் கப்பலிலோ லாரியிலோ சரக்கு மாற வேண்டும். பலர் சாமானைச் சேர்த்து ஏற்றிய கன்டெய்னர் என்றால் பெரும்பாலும் அந்தப் பெரிய துறைமுகத்துக் கிடங்கிலேயே திறந்து பிரித்துவிடுவார்கள். அதற்கு மேல் போவது தனிப் பயணம், தனிக் கட்டணம். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். எங்களிடம் விலை சொன்னவருக்கும் தெரியும்.

கப்பல் கிளம்புவதற்கு முன் பில் ஆஃப் லேடிங்கின், அதாவது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் ரசீதின், நகல் சரிபார்க்க வந்தது. என் பெயரின் எழுத்துகளையும் பாஸ்போர்ட் எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போட்டேன். அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்' என்பது கப்பலிலிருந்து இறக்கும் இடம். 'பிளேஸ் ஆஃப் டெலிவரி' என்பது நம்மிடம் ஒப்படைக்கும் இடம். முதல் கட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய துறைமுகம். இரண்டாவது காலி. அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் பின்னால் நாங்கள் அவ்வளவும் கட்டினோம்.

முதல் அடி சாமான் வீட்டை விட்டுப் போன நான்காவது நாள் விழுந்தது. கிடங்கில் மீண்டும் அளந்ததில் 12.6 கன மீட்டர் வந்ததாம், வித்தியாசத்தைக் கட்டினால்தான் கப்பலில் ஏறும். அட்டைப்பெட்டியில் கட்டியபின் அளவு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் நேர்மையாக அளப்பவர் அதையும் சேர்த்துத்தான் சொல்வார். நாங்கள் அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டும். சாமான் அவர்கள் கையில். கட்டிவிட்டோம்.

இரண்டாவது அடி பெரிது. கன்டெய்னர் இறங்கியபின், அதுவரை பெயரே கேள்விப்படாத ஓர் ஏஜென்ட்டிடமிருந்து பில் வந்தது: துறைமுக முனையக் கட்டணம், கன்டெய்னரைப் பிரித்த கூலி, ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை. இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை தினமும் ஏறும் என்றார்கள். அங்கிருந்து எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேறு தொகை. ஊரில் பேசியவரைக் கூப்பிட்டால், "எங்க வேலை துறைமுகத்தோட முடிஞ்சுது" என்றார். கட்டாமல் சாமானை விடுவிக்க ஏஜென்ட் மறுத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் சண்டை போட்டோம், ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறியது. குடியேறுபவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகளில் சுங்க வரிச் சலுகை உண்டு, ஆனால் நாம் வந்து இத்தனை மாதத்துக்குள் சாமானும் வர வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அதுவும் தவறிவிடுமோ என்று தூக்கமே இல்லை.

அப்புறம் மரப்பெட்டி. அம்மாவின் தையல் மெஷினுக்கு அவர்களே காயாத பச்சைப் பலகையில் கூண்டு அடித்திருந்தார்கள். ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டி, பலகையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கப்பட்டோ புகையூட்டப்பட்டோ, அதற்கான கோதுமைக்கதிர் முத்திரையோடு இருக்க வேண்டும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம் 15 என்ற சர்வதேச விதி அது. எங்கள் கூண்டில் முத்திரை இல்லை. சோதனை, புகையூட்டல், தாமதம், எல்லாம் எங்கள் கணக்கில்.

கடைசியில் வந்த சாமானில் மெஷினின் சக்கரம் உடைந்திருந்தது. அம்மா அதில்தான் எங்கள் பள்ளிச் சட்டை எல்லாம் தைத்தார். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் அழுதுவிட்டேன். ஏழு பெட்டி புத்தகம் பூஞ்சை பிடித்திருந்தது. கன்டெய்னருக்குள் ஈரக்காற்று குளிர்ந்து கூரையில் துளியாகி மழை போலச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவார்கள் என்று சொன்னதை நம்பி நான் நேரில் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் எடுத்திருந்தோம், ஆனால் அது முழுச் சரக்கும் அழிந்தால் மட்டும் பணம் தருகிற பாலிசி. அதற்காக இன்சூரன்ஸே வேண்டாம் என்றும் இருந்துவிடாதீர்கள். 2021-இல் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியபோது, மீட்புச் செலவில் அதிலிருந்த சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டியிருந்தது; இன்சூரன்ஸ் இல்லையென்றால் அப்படிப்பட்ட பங்கு நம் கையிலிருந்துதான் போகும். முழுச் சரக்கும் அழியாமல் சில சாமான் மட்டும் சேதமானாலும் பணம் தருகிற 'ஆல் ரிஸ்க்' பாலிசி கேளுங்கள். நீங்களே கட்டிய பெட்டிகளுக்கு உடைசல் இழப்பீடு பெரும்பாலும் கிடையாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போதே, நீங்கள் போகும் துறைமுகத்தின் பெயரைப் போட்டு, அங்கே இறங்கியபின் வரும் எல்லாக் கட்டணமும் இதில் அடக்கமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். அந்தப் பக்கத்து ஏஜென்ட் யார் என்று இப்போதே கேட்டு, அவரிடம் நேரடியாகக் கட்டணப் பட்டியல் வாங்குங்கள். கன மீட்டருக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுங்கள்.

சாமான் வந்த அன்று லாரிக்காரர் அவசரப்படுத்தினார். பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெளியே தெரியாத சேதத்தைக்கூட மூன்று நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் பல நாடுகளின் கப்பல் சரக்குச் சட்டம். நான் எழுதியது ஒன்பதாவது நாள். பட்டியலில் 17, 31 என்ற எண் போட்ட இரண்டு பெட்டிகள் இன்னும் வரவில்லை. 31-இல் குழந்தைகளின் பழைய போட்டோ ஆல்பங்கள் இருக்கின்றன.