பாம்பன் தூக்குப்பாலத்தின் 1:87 மாடல் கிட்: பணம் அனுப்பும் முன் நீளத்தைக் கேளுங்கள்

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை 1:87 அளவில் (நிஜத்தில் 87 இல் ஒரு பங்காக) நாமே பொருத்திக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பாக, அதாவது கிட்டாகச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, அதைவிடச் சிறிய அளவில் செய்த பாகங்களை அனுப்பிவிட்டு, அதை ஒப்புக்கொள்ளவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கும் ஒரு வெளியூர் விற்பனையாளரிடம் எங்கள் குழு 18,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அதே கிட் இப்போதும் விளம்பரத்தில் இருக்கிறது. எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கிட்டை அடையாளம் காணத் தேவையான விவரங்களை மட்டும் விடாமல் எழுதுகிறேன்.

நாங்கள் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், படகு கட்டும் ஓடாவி ஒருவர், விசைப்படகுத் தொழிலாளர்கள் சிலர், கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியரான நான் என எங்களை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தது ஸ்கேல் மாடல் செய்யும் ஆசைதான். இதைத் தனியாகவும் செய்யலாம். ஆனால் ஒருவர் கையில் இருக்கும் தொழில் நுணுக்கம் இன்னொருவர் கைக்குப் போவது சேர்ந்து செய்யும்போது மட்டுமே நடக்கிறது. வத்தை என்ற நாட்டுப்படகு ஒன்றின் சிறு மாதிரியைச் செய்தபோது, ஓடாவி அண்ணன் மெல்லிய தேக்குச் சீவலை வெந்நீரில் ஊறவைத்து, ஏராக்கட்டையை (படகின் அடிமரத்தை) ஒட்டி வரும் முதல் பலகையைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்துப் பொருத்தினார். மாணவன் உடனே அடுத்த சீவலை எடுக்கப் போனான். "இரு தம்பி, இது காயட்டும். ஈரத்தோட அடுத்ததை வச்சா ரெண்டும் சேர்ந்து முறுக்கிக்கும்" என்று அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்த மாலை முழுவதும் ஒரே ஒரு பலகைதான் ஏறியது. ஆனாலும் எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் பெரிய வேலைகளை எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்கென்றே வைத்திருப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு மராமத்து, வலை வேலை போக மிஞ்சும் மாலைப் பொழுதுகளில் குழு முழுமையாகக் கூட முடிவது அப்போதுதான்.

1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதியையும், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் செங்குத்துத் தூக்குப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். பழையதில் இரண்டு இறக்கைகள் இரு கரைப் பக்கமும் மேலெழும்பி வழிவிடும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள கர்டர் (தண்டவாளத்தைத் தாங்கும் எஃகுச் சட்டகம்) அப்படியே 17 மீட்டர் உயரம் வரை மேலே போகும். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தை முழுவதுமாகச் செய்தால் 1:87 அளவில்கூட 23 மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்பதால் நடுப்பகுதி போதும் என்று முடிவு செய்தோம். இறக்கைகளை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்ததை ஆண்டுக்கணக்கில் பார்த்த மனிதர் எங்களோடு இருப்பதால் பழையதை நாங்களே பிளாஸ்டிக் தகட்டில் வெட்டத் தொடங்கினோம். புதியதற்கு வரைபடம் இல்லாததால் கிட்டை நாடினோம்.

பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய பாகங்கள், பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள், ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவு ரயில்கள் ஓடும் 16.5 மி.மீ. தண்டவாளத் தளம், தடைக்காலம் தொடங்கும் முன் டெலிவரி என எல்லாமே வாட்ஸ்அப்பில் எழுத்தில் தரப்பட்ட உறுதிகள். முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்டார். எல்லோரும் பங்கு போட்டு யுபிஐ மூலம் அனுப்பினோம். பிறகு மெஷின் பழுது என்றார், கூரியர் தாமதம் என்றார். பார்சல் வந்தபோது தடைக்காலம் முடிந்து, எங்களில் பாதிப் பேர் கடலுக்குத் திரும்பியிருந்தார்கள்.

அளவு தவறு என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ரயில்வேக்காரர். கர்டரைப் பொருத்தி எங்களிடமிருந்த 1:87 பெட்டிகளை அதன் மேல் நிறுத்திப் பார்த்தவர், "நிஜத்துல மூணு பெட்டி முழுசா நிக்கும். இதுல ரெண்டுக்கு மேல நிக்கலையே சார்" என்றார். அளவுகோலை வைத்துப் பார்த்தோம்: 60 செ.மீ. 72.5 மீட்டரை 87 ஆல் வகுத்தால் 83 செ.மீ. வர வேண்டும். 120 ஆல் வகுத்தால்தான் 60 வரும். அதாவது, டிடி எனப்படும் 1:120 அளவுக்குச் செய்யப்பட்ட கணினி வரைபடத்தை எடுத்து, அதன் மேல் ஹெச்ஓ தண்டவாளத் தளத்தை மட்டும் ஒட்டி, பெட்டியில் 1:87 என்று அச்சடித்திருக்கிறார்கள். இதைக் கைதவறி நடந்ததாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் தளம் அகலமாக இருக்கிறது என்பதற்காகக் கர்டரின் பக்கச் சட்டங்களின் அடிப்பாகம் செதுக்கப்பட்டிருந்தது. செய்தவருக்கு இரண்டு அளவுகளும் பொருந்தாது என்பது தெரிந்தே இருந்திருக்கிறது.

பொருளும் சொன்னபடி இல்லை. சட்டத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் 3டி அச்சின் அடுக்குகள் தட்டுப்பட்டன, அது 3டி அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். இலவசமாகக் கூடவே வைத்திருந்த பிளாஸ்டிக் சிமெண்ட், பாலிஸ்டைரினின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கும் வகை. பிஎல்ஏவை அது பிடிக்கவில்லை, மறுநாள் மூட்டுகள் கையோடு வந்துவிட்டன. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால், கோடையில் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்து ஒரு கண்காட்சிக்குக்கூட இதை நம்பிக் கொண்டுபோக முடியாது. பித்தளைக் கம்பிகளுக்குப் பதிலாக 2 மி.மீ. தடிமனில் அச்சிட்ட கைப்பிடிகள் இருந்தன. 1:87 கணக்கில் பார்த்தால் அது 17 செ.மீ. பருமனுள்ள குழாய், எந்தப் பாலத்திலும் மனிதர் பிடித்து நடக்கும் கம்பி அவ்வளவு தடிமனாக இருக்காது.

புகைப்படங்களை அனுப்பியபோது, "மாடல் என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. கணக்கை எழுதி அனுப்பியபோது, பிரித்த கிட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். அதன் பிறகு எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே, பெட்டியில் உள்ள விகிதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உண்மை அளவு வெளிப்படையாகத் தெரிந்த ஒரு பாகத்தை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விமானமானால் இறக்கை வீச்சு போதும்: மிக்-21 இன் வீச்சு 7.15 மீட்டர், 1:72 மாடலில் அது 9.9 செ.மீ. இருக்க வேண்டும். நேர்மையான விற்பனையாளருக்கு இந்தப் படம் எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது, தயங்குகிறவரிடம் வாங்க வேண்டியதில்லை. பாகங்கள் எந்தப் பொருளில் செய்யப்பட்டவை என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டோம். பயன் இல்லையென்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் ராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்வோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகச் சேர்ந்து கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்தக் கிட்டை வாங்கியவர்கள் கர்டரை அளந்து பாருங்கள். 60 செ.மீ. இருந்தால் பில், கூரியர் உறை, உரையாடல் பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்தே புகாரைத் தாக்கல் செய்ய விரும்புகிறோம்.