28 மாத்திரை அட்டை: மாத்திரைக்கு 4 ஸ்டார், உள்ள இருக்கிற பேப்பருக்கு 1 ஸ்டார்

கருத்தடை மாத்திரைக்கெல்லாம் ரிவ்யூவான்னு கேக்காதீங்க, இதுக்குத்தான் முதல்ல எழுதணும். நான் போடுறது ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த வகை, எதினைல் எஸ்ட்ராடியால் 30 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 மைக்ரோகிராம், 28 மாத்திரை அட்டை. பிராண்ட் பேர் சொல்லல, இதே மருந்து எத்தனையோ பேர்ல வருது, அட்டையோட கலர்தான் மாறும்.

மாத்திரையைப் பத்தி பெருசா குறை இல்ல. முதல் ரெண்டு மூணு மாசம் நடுநடுவுல ஸ்பாட்டிங், அதாவது லேசா ரத்தக் கறை, காலைல போட்டா கொஞ்சம் குமட்டல், அதனால ராத்திரி படுக்கப் போறப்போ போட ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் ஒரு தொல்லையும் இல்ல. எல்லாருக்கும் இப்படியே இருக்கும்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு மார்பகத்துல வலி, தலைவலி, மூட் மாறுறதுன்னு வரும், மூணு மாசம் தாண்டியும் சரியாகலன்னா வேற காம்பினேஷன் மாத்தச் சொல்லி டாக்டர்ட்ட கேக்கலாம்.

என் கோவமெல்லாம் உள்ள மடிச்சு வெச்சிருக்கிற அந்தப் பேப்பர் மேலதான். எறும்பு சைஸ் எழுத்து, பிரிச்சா மறுபடி அதே மாதிரி மடிக்க முடியாது, இதுல எல்லாரும் தேடுற விஷயமான எப்ப ஆரம்பிக்கணும்ங்கிறதுக்கு ஒரே ஒரு வரி, மாதவிடாய் முதல் நாளில் தொடங்கவும்னு. அவ்ளோதான். அப்போ நேத்துதான் பீரியட்ஸ் முடிஞ்சவங்க என்ன பண்றது, மூணு வாரம் அட்டையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா? மெடிக்கல்ல கேட்டா அவங்களும் அடுத்த பீரியட்ஸ் வரட்டும்னுதான் சொல்றாங்க. இப்படி காத்திருக்கிற கேப்லயே நாள் தள்ளிப் போனவங்க இருக்காங்க, கருத்தடை வேணும்னு மாத்திரையை வாங்கி வீட்டுல வெச்சுக்கிட்டே!

உண்மை என்னன்னா எந்த நாள்ல வேணா ஆரம்பிக்கலாம், ஏற்கனவே கரு நிக்கலன்னு ஓரளவு உறுதியா தெரிஞ்சா போதும். நாளைப் பொறுத்து மாறுறது ஒண்ணே ஒண்ணு, முதல் 7 நாள் காண்டம் வேணுமா வேணாமாங்கிறது மட்டும்தான். பீரியட்ஸ் ஆரம்பிச்ச 1ல இருந்து 5ம் நாளுக்குள்ள முதல் மாத்திரையைப் போட்டா அன்னிக்கே பாதுகாப்பு வந்துடும். அதுக்கு மேல எந்த நாள்ல போட்டாலும் 7 நாள் தொடர்ந்து மாத்திரை உள்ள போற வரைக்கும் காண்டம், இல்லன்னா சேராம இருக்கிறது.

இந்த 5 எங்கிருந்து வந்துச்சுன்னா, பீரியட்ஸ் ஓடுற அந்த முதல் சில நாள்ல சினைப்பைல எந்த முட்டையும் பெருசா வளந்திருக்காது, அப்பவே மாத்திரை போனா மூளைல இருந்து வர்ற சிக்னலை அமுக்கி வளரவே விடாது. லேட் ஆச்சுன்னா ஒரு முட்டை வளர ஆரம்பிச்சிருக்கும், அதை அடக்க மாத்திரைக்கு 7 நாள் தேவைப்படுது. அதே காரணத்தாலதான் சைக்கிள் ரொம்பக் குட்டியா, 23 நாளுக்கு ஒருக்க அல்லது அதுக்கும் சீக்கிரமா வர்றவங்க 5ம் நாள் வரைக்கும் இழுக்கக் கூடாது, அவங்களுக்கு முட்டை முன்னாடியே ரெடியாயிடும். முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆரம்பிச்சுடுங்க, இல்லன்னா 7 நாள் காண்டம் போட்டுக்கோங்க.

முதல் நாள்னா எதுன்னு ஒரு குழப்பம் இருக்கு. பேட் வைக்கிற அளவுக்கு சிவப்பா ரத்தம் வர்ற நாள்தான் 1. அதுக்கு முந்தின நாள் பழுப்பா லேசா கறை பட்டுச்சே, அது கணக்குல வராது. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சா அந்த நாள்தான் 1, ஆனா அதுக்காக நடுராத்திரி எழுந்து மாத்திரை தேட வேணாம், மறுநாள் போட்டாலும் 5க்குள்ளதானே.

ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கு, பீரியட்ஸ் வந்ததுக்கு அப்புறம் வர்ற முதல் ஞாயிறு அன்னிக்கு ஆரம்பிக்கிறது. இதுல மருத்துவ ரகசியம் ஒண்ணும் இல்ல, அடுத்தடுத்த மாசங்கள்ல ரத்தப்போக்கு பெரும்பாலும் வார நாள்லயே வந்து போயிடும், சனி ஞாயிறு ஃப்ரீ, அவ்ளோதான் லாபம். ஆசையா இருந்தா பண்ணுங்க, எனக்கு அதுக்காகக் காத்திருக்கிறது வேஸ்ட்டாதான் படுது.

சைக்கிள் நடுவுல ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிடணும், பேப்பர் இதையும் சொல்லல. ஒண்ணு, வழக்கமா வர்ற தேதில பீரியட்ஸ் வராது, அட்டையோட கடைசில இருக்கிற மருந்தில்லாத வெத்து மாத்திரை வரிசைக்கு வந்தப்புறம்தான் வரும், பதற வேணாம். ரெண்டாவது, அதுக்கு முன்னாடி பாதுகாப்பு இல்லாம சேர்ந்திருந்தா அந்த நாள்ல இருந்து 3 வாரம் கழிச்சு ஒரு யூரின் டெஸ்ட் கண்டிப்பா பண்ணிடுங்க, அதுக்கு முன்னாடி பண்ணா நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது. ஒருவேளை கரு நின்னது தெரியாம கொஞ்ச நாள் மாத்திரை போட்டிருந்தாலும் குழந்தைக்கு அதனால பாதிப்பு வர்றதா தெரியல, தெரிஞ்ச உடனே நிறுத்தினா போதும்.

பீரியட்ஸ் எப்ப வரும்னே தெரியாத பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்றது) ஆளுங்களுக்கும் இதே வழிதான், வராத பீரியட்ஸுக்காக மாசக்கணக்கா காத்திருக்கத் தேவையில்ல, டாக்டர்ட்ட சொல்லி டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிச்சுடலாம்.

இப்போ அட்டைக்கு வருவோம், இதுக்கு முழு மார்க். 21 மருந்து உள்ளது, 7 வெத்து, கலர் வேற வேற, போற திசைக்கு அம்புக்குறி. கூடவே கிழமை போட்ட ஸ்டிக்கர் 7 பட்டை வருது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிழமைல ஆரம்பிக்கும். புதன் ஆரம்பிக்கிறீங்கன்னா புதன்ல ஆரம்பிக்கிற பட்டையை உரிச்சு மேல ஒட்டிக்கணும், அப்புறம் இன்னிக்குப் போட்டோமா இல்லையாங்கிற டவுட்டே வராது, வெள்ளிக்குக் கீழ ஓட்டை இருந்தா வெள்ளி போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு கவனம், வெத்து மாத்திரை பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுடாதீங்க, மருந்தே உள்ள போகாது.

21 அட்டையா 28 அட்டையான்னு கேட்டா 28னுதான் சொல்வேன். 21ல வெத்து மாத்திரை கிடையாது, அட்டை முடிஞ்சதும் 7 நாள் கேப் விட்டு 8ம் நாள் ரத்தம் நின்னாலும் நிக்கலன்னாலும் புது அட்டை தொடங்கணும். பலபேர் பீரியட்ஸ் நிக்கட்டும்னு ரெண்டு நாள் தள்ளிடுறாங்க, மொத்த மாசத்துலயும் ரொம்ப ஆபத்தான லேட் இதுதான். அந்த 7 நாள்லயே சினைப்பை மெல்ல முழிக்க ஆரம்பிச்சுடும், இன்னும் ரெண்டு நாள் குடுத்தா முட்டையே வெளிய வந்துடலாம். அட்டை நடுவுல ஒரு மாத்திரை மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம், ரெண்டோ மேலயோ விட்டாதான் மறுபடி 7 நாள் காண்டம். இப்படி மறதி எதுவும் இல்லாம போட்டா வருஷத்துக்கு 1000 பேர்ல 3 பேருக்குத்தான் கரு நிக்கும், மனுஷங்க நிஜத்துல போடுற லட்சணத்துக்கு அது 100க்கு 7 ஆயிடுது. 28ல வெத்து மாத்திரையாவது கையைப் பழக்கத்துலயே வெச்சிருக்கும்.

ப்ரோஜெஸ்டின்னு ஒரே ஒரு ஹார்மோன் மட்டும் உள்ள மினி பில் போடுறவங்க என் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. அதுல பெரும்பாலான வகைக்கு 5 நாள் தாண்டி ஆரம்பிச்சா 2 நாள் காண்டமே போதும், ஆனா தினமும் நேரம் தவறக் கூடாது, பழைய வகைகள்ல 3 மணி நேரம் லேட் ஆனாலே மிஸ் பண்ண கணக்கு. டெசோஜெஸ்ட்ரெல்ங்கிற மினி பில்னா 12 மணி நேரம் வரைக்கும் விடும்.

பிரசவம் ஆனவங்க இந்த ரெட்டை ஹார்மோன் மாத்திரையை முதல் 3 வாரம் தொடவே கூடாது, ரத்தக் கட்டி ரிஸ்க், பால் குடுக்குறவங்க குறைஞ்சது 6 வாரம் தள்ளணும், எப்பன்னு டாக்டர் சொல்லட்டும். அபார்ஷன் ஆனவங்க அன்னிக்கே தொடங்கலாம். எமர்ஜென்சி மாத்திரை போட்டவங்க, லெவோநார்ஜெஸ்ட்ரெல்னா உடனே ஆரம்பிச்சு 7 நாள் காண்டம், யுலிப்ரிஸ்டல்னா 5 நாள் பொறுத்துதான் ஆரம்பிக்கணும், இல்லன்னா ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும்.

வாங்குறதுக்கு முன்னாடி பிபி பாருங்க, சும்மா ஃப்ரெண்ட் போடுறான்னு வாங்காதீங்க. கண்ணுல மினுமினுன்னு வெளிச்சம் தெரிஞ்சு அப்புறம் வர்ற மைக்ரேன், முன்னாடி ரத்தம் கட்டினது, ஹை பிபி, மார்பகப் புற்றுநோய், 35 வயசுக்கு மேல சிகரெட், இதுல எது இருந்தாலும் இந்த வகை உங்களுக்கு இல்ல. போட ஆரம்பிச்சப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.

ஆன்டிபயாடிக் போட்டா வேலை செய்யாதாமேன்னு கமெண்ட்ல கேப்பீங்க. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு பயம் இல்ல, கருத்தடை மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மட்டும் இன்னொரு மாத்திரை போட்டுக்கோங்க. டிபிக்குக் குடுக்குற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் குடுக்குற கார்பமசெப்பைன், ஃபெனிட்டாயின், இதெல்லாம்தான் மாத்திரையோட பவரைக் குறைக்கும், அது போடுறவங்க வேற முறை கேட்டு வாங்கிக்கோங்க.