பாஸ்போர்ட்டுக்கு போனில் தேடுபவர்கள் கவனிக்கவும்: 3,900 ரூபாய் போய்விட்டது

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யாராவது வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் இதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடன் நெருக்கியதால் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறேன் என்றான் தம்பி. பாஸ்போர்ட்டுக்கு என் போனில் நான்தான் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் சிங்க முத்திரை, மூவர்ணக் கோடு எல்லாம் இருந்தன. மேலே சின்னதாக 'விளம்பரம்' என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. ஆதார் நகல் வரை ஏற்றி, 3,900 ரூபாய் கட்டினேன். அம்மா கருவாடு விற்றுச் சேர்த்த காசு அது.

ரெண்டு நாளில் போன் வந்தது. "போலீஸ் விசாரணைக்குத் தனியா 1,200 கட்டுங்க மேடம்." நல்லவேளை, அதைக் கட்டவில்லை. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய தேதியை நம்பி, விடியற்காலை பஸ் ஏறி மதுரை பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனோம். வாசலிலேயே விண்ணப்ப எண் கேட்டார்கள். எங்கள் தாளில் இருந்த எண் அவர்களிடம் பதிவாகவே இல்லை. திரும்பி வரும்போது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

சரியான முகவரி பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். பெரியவர்களுக்கு 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மத்திய அரசுத் துறையின் தளம் என்றால் முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். வெறும் 'டாட் இன்' போதாது, அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எந்தத் துறை என்று தெரியாவிட்டால் இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்-னில் தொடங்குங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு இலவசம், அதற்கும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் போனது தெரிந்த உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள். நான் பதினோரு நாள் கழித்துப் பேசினேன். அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. ஆதார் நகல் அவர்கள் கையில் இருப்பதுதான் இப்போது பெரிய பயம். தம்பியின் கைரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

சரியான தளத்தில் மறுபடி விண்ணப்பித்தாகிவிட்டது. அடுத்த வாரம் தேதி கிடைத்திருக்கிறது.