‘தி செவன்த் கெஸ்ட்’: பேய்க்கு வயதாகிவிட்டது, வீடு இன்னும் கெட்டி

பெரிய வீட்டை வைத்துப் பயம் காட்டுகிறேன் என்று யார் வந்தாலும், காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். பேயெல்லாம் அப்புறம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். மற்ற நாளில் சாவி காவல்காரர் இடுப்பில். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து 1993-இல் வந்த ‘தி செவன்த் கெஸ்ட்’ கணினி விளையாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால், பழசானது எது, பழசாகாதது எது என்று சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருந்த ட்ரைலோபைட் நிறுவனம் செய்தது, வெளியிட்டது வர்ஜின். கிரேம் டிவைனும் ராப் லேண்டரோஸும் தலைமை, கதை எழுதியவர் மேத்யூ காஸ்டெல்லோ, இசை ஜார்ஜ் சாங்கர். இரண்டு சிடியில் வந்தது, ஃப்ளாப்பியில் கிடைக்காது. இதற்காகவே சிடி டிரைவ் வாங்கியவர்கள் அன்றைக்கு ஏராளம். இருபது லட்சத்துக்கு மேல் விற்றது.

கதை சின்னது. ஹென்றி ஸ்டாஃப் என்ற நாடோடி ஒரு கொலை செய்கிறான். பிறகு கனவில் கண்ட பொம்மையைச் செதுக்கி விற்கிறான், பொம்மைக்காரனாகப் பணக்காரன் ஆகிறான். அவன் பொம்மை வைத்திருந்த குழந்தைகள் இனம் தெரியாத நோயில் சாகிறார்கள். அவன் ஒரு மாளிகை கட்டி ஆறு பேரை ராத்தங்க அழைக்கிறான். ஏழாவது யார் என்பதுதான் தலைப்பு. நீங்கள் யார் என்பதும் கடைசியில்தான் தெரியும். இங்கே சொல்லப் போவதில்லை.

இனி வீடு. நம் பக்கத்து வீடு நேர்கோட்டில் ஓடும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் கண்ணில் படும். ஸ்டாஃபின் வீடு அதற்கு நேர்மாறு: நடுவில் ஒரு கூடம், ஒரு மாடிப்படி, சுற்றிலும் சாத்திய கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று வெளியே நின்று சொல்லவே முடியாது. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் இரட்டை வீடு ஒதுக்குவதுபோல, இங்கே விருந்தாளிகளுக்குப் படுக்கையறைகள் ஒதுக்கியிருக்கிறது. ஒரு புதிரை முடித்தால் அடுத்த கதவு திறக்கும், திறந்த அறையில் அந்த ஆளின் யோக்கியதை தெரியும். யாருக்கு எந்த அறை, யார் யாரோடு பேசுவதில்லை என்று வைத்தே ஒரு குடும்பத்தைப் படித்துவிடுகிற ஊருக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்.

நடை விஷயத்தில் ஏமாற வேண்டாம். நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. ஒவ்வொரு நகர்வும் முன்பே தயாரித்து வைத்த வீடியோ. சொடுக்கினால் கேமரா மிதந்துபோய் அடுத்த இடத்தில் நிற்கும். 1993-இல் இது அதிசயம். இன்றைக்கு மாடியிலிருந்து நூலகத்துக்கு நாலாவது முறை இறங்கும்போது அலுப்பு. தப்பான திசையில் ஒரு சொடுக்கு விழுந்தாலும் அந்த மிதப்பை முழுசாகப் பார்த்தாக வேண்டும். அதனால் மவுஸ் சுட்டியின் வடிவத்தைக் கவனித்து, அது மாறிய பிறகே அழுத்துங்கள். எலும்புக் கை விரலை ஆட்டி ‘மாட்டேன்’ என்றால் அங்கே வழியில்லை. வா என்று அழைத்தால் போகலாம். மண்டையோட்டில் மூளை துடித்தால் புதிர். நாடக முகமூடி வந்தால் ஒரு பேய்க் காட்சி. பற்கள் கடகடவென்று ஆடினால் ஏதோ ஒளிந்திருக்கிறது. சில இடங்களில் அதுதான் ரகசிய வழி.

உண்மையான சரக்கு புதிர்கள்தான். இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஆங்கிலச் சொல் விளையாட்டு தெரியாமல் எவற்றை ஆடலாம் என்று பிரித்துக்கொண்டால் நம் வீடுகளில் நிறைய வாதம் குறையும்.

முதலில் சாப்பாட்டு அறையின் கேக். மொழியே வேண்டாம், பத்து வயசுப் பிள்ளையும் போடும். முப்பது துண்டுகள், ஆறு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மண்டையோடு, இரண்டு கல்லறைக் கல், ஒரு வெற்றுத் துண்டு. ஐந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். வெற்றுத் துண்டு மொத்தமே ஆறுதான் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். பலர் நடுவிலிருந்து வெட்ட ஆரம்பிப்பார்கள், கடைசியில் ஒரு மூலைத் துண்டு தனியாக மாட்டிக்கொள்ளும். மூலைகளை முதலில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

எட்டு ராணிகள் புதிர் செஸ் ஆடுகிறவர்களுக்குப் பழக்கமானது. எந்த ராணியும் இன்னொன்றை வெட்டக் கூடாது. 92 விடைகள் உண்டு. ஒன்று இதோ: இடமிருந்து ஒவ்வொரு நெடுவரிசையிலும் கீழிருந்து 1, 5, 8, 6, 3, 7, 2, 4 ஆம் கட்டத்தில் வையுங்கள்.

பிஷப் புதிர்தான் அழகு. நாலுக்கு ஐந்து பலகையில் ஒரு முனையில் நாலு வெள்ளை, எதிர்முனையில் நாலு கறுப்பு. இரண்டு அணியும் இடம் மாற வேண்டும். வழியில் ஒருவரை ஒருவர் வெட்டும் நிலையில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. இங்கிலாந்தின் புதிர்க்காரர் ஹென்றி டியூடனி நூறாண்டுக்கு முன்பே வெளியிட்ட சிக்கல் இது. எட்டுக் காய்களையும் ஒன்றாக யோசிப்பதால்தான் எல்லோரும் திணறுகிறார்கள். பிஷப் தன் நிறக் கட்டத்தை விட்டு நகராது. எனவே வெளிர் கட்டத்து நாலு பேர் ஒரு புதிர், அடர் கட்டத்து நாலு பேர் இன்னொரு புதிர். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஒரு பாதியைத் தாளில் தீர்த்து, நகர்வுகளை வரிசையாக எழுதி வையுங்கள். அதையே இடம் வலமாகத் திருப்பினால் மறு பாதிக்கு விடை. பலகையின் அகலம் நாலு என்பதால் திருப்பும்போது நிறம் தானாக மாறிவிடும்.

குதிரைப் புதிர் வேறு ரகம். 25 கட்டம், 24 குதிரை, ஒரே ஒரு காலி இடம். பொறுமை இருந்தால் மட்டும் தொடவும்.

இப்போது கெட்ட செய்தி. சமையலறைப் பக்கத்துத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் ஆங்கில எழுத்து. வரிசை மாற்றி ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுமே கிடையாது, எல்லா வேலையையும் ‘ஒய்’ ஒன்றே பார்க்கிறது. எட்டுச் சொற்கள். கடைசிச் சொல்லின் பொருள் கல்லறை, முதல் சொல்லின் பொருள் கூச்சம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களே இதில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கௌரவம் பார்க்காமல் குறிப்புப் புத்தகத்துக்குப் போகலாம். நூலகத்துத் தொலைநோக்கியும் எழுத்துப் புதிர்தான், ஆனால் அவ்வளவு மோசமில்லை.

அந்தக் குறிப்புப் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. ஒரே புதிருக்கு முதல் முறை போனால் மூடுமந்திரமாக ஒரு துப்பு. இரண்டாம் முறை கொஞ்சம் தெளிவாக. மூன்றாம் முறை அதுவே தீர்த்துக் கொடுத்துவிடும்; பதிலுக்கு, புதிர் முடிந்ததும் வர வேண்டிய காட்சி உங்களுக்குக் கிடைக்காது. கதையே அந்தக் காட்சிகளில்தான் துண்டு துண்டாக வருகிறது. ஆகவே சொற்புதிர்களுக்கு மூன்றாம் முறை போங்கள், பலகைப் புதிர்களுக்கு இரண்டோடு நிறுத்துங்கள்.

ஆய்வகத்து நுண்ணோக்கிக்கு மட்டும் விதிவிலக்கு. இதில் ஆட்டம் ஸ்டாஃபோடு நேருக்கு நேர். ஏழுக்கு ஏழு கட்டம், உங்களுக்கு நீலக் கிருமி, அவனுக்குப் பச்சை. பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் உங்கள் கிருமி இரண்டாகப் பெருகும். இரண்டு கட்டம் தாண்டினால் இடம்தான் மாறும், எண்ணிக்கை ஏறாது. போய் விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள எதிரிக் கிருமிகள் எல்லாம் உங்கள் நிறமாகும். தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஆரம்பத்திலேயே ஆசைப்பட்டுத் தாவுவது. தாவினால் பின்னால் ஓட்டை விழும், அவன் அதில் புகுந்து ஒரே அடியில் எட்டு வரை திருப்பிவிடுவான். மூலையை ஒட்டிக் கெட்டியாகப் பெருகிக்கொண்டு வாருங்கள், உள்ளே காலிக் கட்டம் விடாதீர்கள், தாவலைக் கடைசிக் கட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அவன் கெட்டிக்காரன்தான். ஸ்கம்விஎம் (பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டுகிற இலவச மென்பொருள்) வழியாக ஆடினால் அமைப்புகளில் எதிராளியின் திறனைக் குறைக்கிற தேர்வு உண்டு. அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலவறை வழிச்சுற்று அந்தக் காலத்தில் ஆளை அழ வைத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். முட்டுச் சந்தில் நின்றால் ஸ்டாஃப் கிண்டல் செய்வான். வரைபடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மாடிப் படுக்கையறை ஒன்றில் விரித்த கம்பளத்தின் கோலம்தான் அது. ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையைக் குனிந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கம்பளம் முதல் பார்வையிலேயே உறுத்தும். நிலவறைக்கு இறங்குமுன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பியானோ புதிர் சலிப்பு. அது வாசிக்கும், நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் கூடும். எழுதி வைத்தால் தீர்ந்தது.

நடிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை போதும்: தெருக்கூத்துக் குரல். நாலு சுவருக்குள் நடக்கிற கொலையை ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறார்கள். நடிகர்களை நீலத் திரை முன் படம்பிடித்தபோது ஓரங்களில் ஒளி வட்டம் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க முடியாமல்தான் அவர்களையே ஆவியாக்கிவிட்டார்கள். அந்தக் குறைதான் இன்றும் காட்சிகளைத் தாங்கி நிற்கிறது என்பது வேடிக்கை. பயம் காட்சியில் இல்லை. புதிரில் சிக்கி அரை மணி நேரம் பேசாமல் இருக்கும்போது, பின்னாலிருந்து ஸ்டாஃபின் குரல் உங்களைக் கேலி செய்கிறதே, அங்கே இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு ஆடினால் இது இன்னும் வேலை செய்கிறது. குழந்தைகள் சாகும் கதை என்பதால் மிகச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம்.

ஓட்டுவதற்குப் பெரிய கணினி தேவையில்லை. அழகப்பா பொறியியல் கல்லூரி விடுதியில் கிடக்கிற எந்தப் பழைய லேப்டாப்பும் போதும். ஜிஓஜி, ஸ்டீம் என்ற இரண்டு இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. பழைய சிடி கையில் இருந்தால், இரண்டு தட்டிலும் உள்ள, பெயர் .GJD என்று முடிகிற கோப்புகளை ஒரே கோப்புறையில் கொட்டுங்கள்; முதல் தட்டில் இருக்கும் மற்ற கோப்புகளையும் சேர்த்து, ஸ்கம்விஎம்மில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். ஒரு தட்டை மட்டும் நகலெடுத்துவிட்டு ‘பாதியில் நின்றுவிட்டது’ என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். இசை தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்டால், ஆட்லிப் என்ற பழைய ஒலி அட்டைக்கான தேர்வில் இருக்கிறது என்று பொருள். ஜெனரல் மிடி என்ற தேர்வுக்கு மாற்றி நல்ல சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) ஒன்றைக் கொடுங்கள், சாங்கரின் இசை அப்போதுதான் எழுந்து நிற்கும். வீடியோ வேகத்தைக் கூட்டுகிற தேர்வும் அங்கேயே இருக்கிறது, நடை அலுத்தவர்களுக்கு. விளையாட்டு தானாகச் சேமிக்காது. மேசையில் இருப்பது டெஸ்க்டாப் என்றால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு புதிருக்கும் பிறகு சேமித்துவிடுங்கள். 1993 பதிப்பில் சப்டைட்டில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

2019-இல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு அதே விளையாட்டுத்தான், புதிய கட்டுப்பாடுகளோடு.  2023-இல் வெர்டிகோ கேம்ஸ் வெளியிட்ட விஆர் (மெய்நிகர்) பதிப்பு அதே கதையின் மறுஆக்கம், ஆனால் புதிர்கள் வேறு. விஆர் கண்ணாடி வைத்திருப்பவர்கள் தனியாக மதிப்பிட்டுக்கொள்ள வேண்டியது.

இதை முடித்த சூட்டில் 1995-இல் வந்த அடுத்த பாகமான ‘தி லெவன்த் ஹவரை’ வாங்கிவிட வேண்டாம். அதே மாளிகை, அறுபது ஆண்டு கழித்து. ஆனால் அங்கே பொருள் தேடுவதற்கான துப்பு எல்லாம் ஆங்கிலக் குறுக்கெழுத்து பாணி விடுகதைகள். டப்பாப் புதிரைப் புத்தகத்தின் துணையில்லாமல் முடித்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.