கேவைசி இல்லாத சேவைகள்: லிஸ்டில எதை விடுறது, எதைத் தூக்கிறது

வெள்ளவத்தையில எங்கட செட்டுக்குள்ள மொனேரோ (ஆர் ஆருக்கு அனுப்பினது எண்டு வெளியில தெரியாத கிரிப்டோ காசு) பாவிக்கிற ஆக்களுக்காக, கேவைசி, அதாவது ஐசி பாஸ்போட் கேட்டு ஆளை உறுதிப்படுத்திற வேலை, இல்லாத சேவைகளின்ட லிஸ்ட் ஒண்டு வச்சிருக்கிறம், வொலட், ஸ்வாப் (ஒரு கொயினை இன்னொண்டா மாத்திற சைட்), விபிஎன், மெயில் எண்டு. நானே கொஞ்சக்காலம் பாவிச்சுப் பாக்காம எதையும் சேக்கிறேல்ல.

முன்பக்கத்தில "கேவைசி இல்லை" எண்டு பெரிசா போட்டிருக்கிறதை நான் இப்ப கணக்கிலயே எடுக்கிறேல்ல, நேரா டேர்ம்ஸ் பக்கம் போறது, ஏனெண்டா சந்தேகம் வந்தா ஆவணம் கேப்பம், தரும்வரைக்கும் காசை மறிச்சு வைப்பம் எண்டு அங்க கீழ எங்கயாவது ஒரு வரி ஒளிஞ்சு கிடக்கும். காசை வாங்கிப்போட்டு ஐசி கேக்கிறவன் முதலே கேக்கிறவனை விட மோசம். ஒரு ஸ்வாப் சைட் எங்கட பெடியன் ஒருத்தன்ட பிட்கொயினை அப்பிடித்தான் மறிச்சு பாஸ்போட்டும் செல்ஃபியும் கேட்டது, அண்டைக்கே தூக்கியாச்சு.

இந்த விசயத்தில பிஸ்க் எனக்குப் பிடிச்சது, ஆக்கள் தங்களுக்குள்ள நேரா பிட்கொயின் வாங்கி விக்கிற ஒரு மென்பொருள். ரெண்டு பக்கமும் டெபாசிட் போட்டு மல்டிசிக்கில (ஒராளின்ட கையெழுத்தால மட்டும் திறக்க ஏலாத பூட்டு) பூட்டிறதால நடுவில ஒரு கம்பனிட்ட காசு போய் நிக்காது. ஆனா சரியான ஸ்லோ, எங்கட ரூபாக்கு ஓஃபர் தேடிக் களைச்சே போனன். முல்வாட் விபிஎன் பிரச்சினையே இல்லாம ஓடுது, மாசம் 5 யூரோ, மெயில் கூட கேக்காது, ஒரு கணக்கு நம்பர் மட்டும்தான். 2023 ஏப்ரலில சுவீடன் பொலிஸ் வாரண்டோட அவையின்ட ஒஃபிசுக்கு வந்து வெறுங்கையோட திரும்பினது, எந்த விளம்பரத்தையும் விட எனக்கு அதுதான் பெரிசு.

ஒரு சேவையை மூடினா என்ன நடக்கும் எண்டதையும் பாக்கிறம். 2024இல வரிசையா விழுந்தது: பிட்கொயின் போற தடத்தை மறைக்கிற சமுராய் வொலட் செய்தவையைப் பிடிச்சாங்கள், அதே மாதிரியான வசாபி வொலட்டை நடத்தின கம்பனி கொயின்ஜொயினை (பலபேரின்ட காசை ஒண்டாக் கலந்து அனுப்பிறது) நிப்பாட்டினது, ஆக்கள் தங்களுக்குள்ள மொனேரோ வாங்கி விக்கிற லோக்கல்மொனேரோவும் மூடினது, ஆனா அவை மே மாசமே அறிவிச்சு நவம்பர் வரைக்கும் காசை எடுக்க டைம் குடுத்தவை, அது மரியாதையான வேலை.

ரெஃபரல் லிங்க் ஒண்டும் போடுறேல்ல. போட்டா கூடக் கொமிஷன் தாறவன் தானா மேல ஏறிடுவான். கொழும்பில "ஏஜென்ட்" எண்டு வட்ஸ்அப்பில வாற ஆக்களும் லிஸ்டில இல்லை. மத்திய வங்கி கிரிப்டோவுக்கு ஆருக்கும் லைசென்ஸ் குடுக்கேல்ல எண்டு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு, கார்ட்டால வாங்கவும் ஏலாது, அந்தக் குறிப்பு லிஸ்டின்ட தலையிலயே இருக்கு.

இப்ப சண்டை புரோட்டன் மெயிலில. 2021இல சுவிஸ் உத்தரவுக்கு ஒருத்தர்ட ஐபியை (இன்டர்நெட் முகவரியை) குடுத்தவை, தூக்கு எண்டு ஒரு அண்ணை நிக்கிறார். நான் தூக்கேல்ல, சட்டம் வந்தா குடுப்பினம், ஐபியை மறைக்கிற டோர் நெட்வேர்க்காலயே லொகின் பண்ணுங்கோ எண்டு பக்கத்தில எழுதி விட்டிருக்கிறன்.